கொழுப்பு மாத்திரையும் சத்து மாத்திரையும்: எதை எதோடு சேர்க்கலாம்?

சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) ஒன்றில் மருந்து வாங்கும் முகப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும்.

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா ஆன்ட்டி?"

"ஒன்னும் இல்லப்பா. டாக்டர் குடுத்தது மட்டும்தான்."

ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. அவர் வீட்டு மேசையில் மீன் எண்ணெய் டப்பா இருக்கிறது. மகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்த மஞ்சள் காப்ஸ்யூல் இருக்கிறது. தங்கை ஊரிலிருந்து கொண்டுவந்த குக்குலு (ஒரு மரப்பிசின்) மாத்திரை, ஜொகூர் போனபோது மலிவாகக் கிடைத்த பூண்டு எண்ணெய் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவர் கணக்கில் அவை மருந்து இல்லை, 'சத்து'. மருந்து உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றார். அவ்வளவுதான்.

உடம்புக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. டப்பாவில் பச்சை இலைப் படம் இருந்தாலும் சரி, மருத்துவரின் பெயர் இருந்தாலும் சரி, உள்ளே போனதைக் குடல் உறிஞ்சும், ஈரல் உடைக்கும், சிறுநீரகம் வெளியேற்றும். ஒரே வழியில் இரண்டு பேர் போகும்போது சில நேரம் ஒருவர் இன்னொருவர் காலை மிதிப்பார். எல்லாச் சத்து மாத்திரையும் அப்படி மிதிப்பதில்லை. பெரும்பாலானவை கொழுப்பு மாத்திரையோடு சண்டை போடாமல் போய்விடும். சண்டை போடும் அந்தச் சிலவற்றை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் உங்கள் மாத்திரையின் பெயர்

கொலஸ்ட்ராலைக் குறைக்க இங்கே பெரும்பாலும் கொடுப்பது ஸ்டாட்டின் வகை மருந்துதான். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகிய மூன்றில் ஒன்றுதான் அநேகமாக உங்கள் பொட்டலத்தில் இருக்கும். நிறுவனம் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், மருந்தின் உண்மைப் பெயர் 'ஸ்டாட்டின்' என்று முடியும். ஊருக்குப் போய் அங்கே வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அட்டைக்கு அட்டை பெயர் மாறும். உள்ளே இருப்பது ஒன்றாகவே இருக்கலாம். பெயர் வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கக்கூடாது.

நம் இரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவதில்லை, ஈரலே தயாரிப்பது. அந்தத் தயாரிப்பில் முக்கியமான ஒரு படியை ஸ்டாட்டின் தடுக்கிறது. கையிருப்பு குறைந்ததும் ஈரல் தன் தேவைக்கு இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற 'கெட்ட' கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. அதனால்தான் அடுத்த பரிசோதனையில் எண் இறங்குகிறது. ஆக, இந்த மருந்து வேலை செய்யும் இடம் ஈரல். அளவு மிஞ்சினால் முதலில் முனகுவது தசை. இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

பெயர் ஏன் முக்கியம்? சிம்வாஸ்டாட்டினையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் உடைப்பது 'சிப் 3ஏ4' என்ற நொதி (என்சைம்). குடல் சுவரிலும் ஈரலிலும் அது இருக்கிறது. ரோசுவாஸ்டாட்டினுக்கு அந்த நொதியோடு பெரிதாக வேலை இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துப்போன ஒரு சத்து மாத்திரை, வேறு ஸ்டாட்டின் சாப்பிடும் உங்களுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள், நமக்கு அந்த நொதியால் கவலை இல்லை என்று இருந்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் வசிக்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் ஆகியோருக்கு ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்து இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. ஒரே ஊர், ஒரே சூழல். அப்படியும் வெள்ளையரைவிடச் சீனருக்குச் சுமார் 2.3 மடங்கும், மலாய்க்காரருக்கு 1.9 மடங்கும், இந்தியருக்கு 1.6 மடங்கும் மருந்து கூடுதலாகச் சேர்ந்திருந்தது. ஆசியர்களுக்கு 5 மி.கி. என்ற குறைந்த அளவில் தொடங்குவது இதனால்தான். அமெரிக்கக் காணொளி ஒன்றில் யாரோ 20 மி.கி. மாத்திரையோடு எதையெதையோ சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன் என்றால், அது அவருடைய உடம்பு.

சிவப்பு அரிசி என்ற மருந்து

கொழுப்பைக் குறைக்கும் 'இயற்கை' காப்ஸ்யூல்களில் ஒன்று ரெட் ஈஸ்ட் ரைஸ். அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து நொதிக்க வைத்துச் செய்வது. சீனச் சமையலில் பழங்காலம் முதல் உள்ள பொருள். இங்கே பூச்சாவ் மக்கள் சிவப்பு அரிசி ஒயினில் கோழி சமைத்து மீ சுவாவோடு பரிமாறுவார்களே, அந்தச் சிவப்பு இதுதான்.

இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கவேண்டும் என்றால் அது இதுதான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் பூஞ்சைகளில் கொலஸ்ட்ராலைத் தடுக்கும் பொருளைத் தேடினார். முதல் ஸ்டாட்டின் அவர் கையில்தான் கிடைத்தது. 1979இல் மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுத்து மொனாகோலின் கே என்று பெயர் வைத்தார். அதே சமயம் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து ஒரு பொருளை எடுத்தது. இரண்டும் ஒரே மூலக்கூறு. 1987இல் லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் அதுதான்.

அதாவது ரெட் ஈஸ்ட் ரைஸ் காப்ஸ்யூல் 'ஸ்டாட்டின் போல' வேலை செய்வதில்லை. அதில் இருப்பதே ஸ்டாட்டின். ஏற்கெனவே சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துக்கொண்டால், மருத்துவருக்குத் தெரியாமல் இரண்டாவது ஸ்டாட்டின் சாப்பிடுகிறார்.

எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது அவருக்கும் தெரியாது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கடையில் விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஒரு காப்ஸ்யூலில் மொனாகோலின் கே 0.1 மி.கி. முதல் 10 மி.கி. வரை இருந்தது. நூறு மடங்கு வித்தியாசம்! டப்பாவின் முன்பக்கம் என்னவோ எல்லாவற்றிலும் '600 மி.கி.' என்பது போலத்தான் இருக்கும். அது அரிசித் தூளின் எடை, மருந்தின் அளவு அல்ல. அந்த 12இல் 4 தயாரிப்புகளில் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சும் இருந்தது.

சிறுநீரகம் என்றதும் 2024 நினைவுக்கு வரும். அந்த மார்ச்சில் ஜப்பானில் சிவப்பு அரிசி கொழுப்பு மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தயாரிப்பில் வேறொரு பூஞ்சை கலந்து, அதிலிருந்து வந்த நஞ்சுதான் சந்தேகத்துக்கு உள்ளானது. ஜப்பான் போன்ற, தரத்துக்குப் பெயர்போன நாட்டில் நடந்தது இது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே, 2022இல், ஒரு நாள் அளவில் மொனாகோலின் 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்கவேண்டும் என்றும், கொழுப்பு மருந்து எடுப்பவர்கள் இதைச் சாப்பிடக்கூடாது என்று டப்பாவில் எழுதவேண்டும் என்றும் விதித்தது.

எப்போதோ ஒரு நாள் நண்பர் வீட்டில் சிவப்பு ஒயின் கோழி சாப்பிட்டதற்குப் பதற வேண்டாம். சமையலுக்கு நிறத்துக்காகச் சேர்ப்பதும், தினம் இரண்டு வேளை செறிவூட்டிய காப்ஸ்யூல் விழுங்குவதும் ஒன்றல்ல. டப்பாவில் ரெட் ஈஸ்ட் ரைஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முன்பக்கம் 'ஹார்ட் ஃபார்முலா' என்று இருக்கும், ஓர் இதயப் படம் இருக்கும். திருப்பினால் பொடி எழுத்தில் கோ-கியூ 10, பூண்டு, பச்சைத் தேயிலை வரிசையில் நாலாவதாக இது ஒளிந்திருக்கும். சில டப்பாக்களில் 'மொனாஸ்கஸ் பர்பியூரியஸ்' என்று பூஞ்சையின் பெயர் மட்டும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி, குறிப்பாக நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு.

பொமெலோ, கிரேப்ஃப்ரூட், அந்த நொதி

இவை மாத்திரை இல்லை, பழம். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. சீனப் புத்தாண்டுக்கும் நிலாப் பண்டிகைக்கும் பொமெலோ இல்லாத வீடு இங்கே குறைவு. பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய பழம் நம் மேசைக்கும் வந்து சேரும்.

சிம்வாஸ்டாட்டின் மாத்திரை ஒன்றை விழுங்கினால் அதில் 5 சதவீதம்கூட இரத்த ஓட்டத்தைச் சென்றடைவதில்லை. மீதியைக் குடல் சுவரும் ஈரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. மருத்துவர் 20 மி.கி. என்று எழுதும்போது இந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் எழுதுகிறார். கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் குடல் சுவரில் இருக்கும் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. வழக்கமாக வழியிலேயே உடையும் மருந்து இப்போது உடையாமல் உள்ளே போகிறது. சாப்பிட்டது அதே மாத்திரை, உடம்புக்குள் சேர்ந்ததோ பல மடங்கு. தினம் ஒரு குவளை, அதாவது 200 மி.லி. கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தவர்களுக்கு இரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் 3.6 மடங்கு கூடியதாகப் பின்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. செறிவான சாற்றை நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்தபோது 16 மடங்கு.

"சரி, பழத்தைக் காலையில் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை இரவில் போட்டால்?" நல்ல கேள்வி. ஆனால் உதவாது. பழம் அந்த நொதியைத் தற்காலிகமாகத் தடுப்பதில்லை, கெடுத்தே விடுகிறது. குடல் புதிதாக நொதியைத் தயாரிக்க ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். அதனால் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட்டை முழுதாகத் தவிர்ப்பதே சரி. அட்டோர்வாஸ்டாட்டினில் பாதிப்பு குறைவு. அளவுக்கு மீறிக் குடிக்காமல் இருக்கவேண்டும். ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பொமெலோ, கிரேப்ஃப்ரூட்டின் தாய்ப்பழங்களில் ஒன்று. அதே பொருள்கள் இதிலும் உண்டு. ரகத்துக்கு ரகம் அளவு மாறும் என்பதால் இத்தனை சுளை சாப்பிடலாம் என்று எண்ணிச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் பொமெலோவை வாங்கி அழகுக்கு வைத்துவிட்டு மாண்டரின் ஆரஞ்சை உரித்துச் சாப்பிடலாம். மாண்டரின், சாதாரண ஆரஞ்சு, திராட்சை எதிலும் இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு நேர் எதிராக, அந்த நொதியை முடுக்கிவிடும் மூலிகையும் உண்டு. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அப்படிப்பட்டது. அதைச் சாப்பிட்டால் சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் உடைந்து போய், மாத்திரை போட்டும் எண் இறங்காது. மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு நீங்கள் மூலிகையை நிறுத்துவீர்கள். அப்போது கூட்டிய அளவு முழுதாக வேலையைக் காட்டும்.

ஊர் மூலிகை

சேரங்கூன் சாலைக் கடைகளில் கிடைப்பது, ஊரிலிருந்து பெட்டியில் வருவது என்று நம்மவர் வீடுகளில் ஆயுர்வேத, சித்த மருந்து இல்லாமல் இருக்காது. நான் அவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் கொழுப்புக்கு என்று சொல்லி விற்கும் குக்குலுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 103 பேரைப் பிரித்து, சிலருக்குக் குக்குலுச் சாறும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைய வேண்டிய எல்டிஎல், குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியிருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம் குறைந்திருந்தது! சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மஞ்சளைப் பற்றிக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. "நாம காலங்காலமாச் சாப்பிடுறதுதானே?" ஆமாம், குழம்பில் போடுகிற மஞ்சள் தாராளமாகச் சாப்பிடுங்கள். காப்ஸ்யூலில் இருப்பது வேறு. மஞ்சளிலிருந்து குர்குமினைப் பிரித்துச் செறிவாக்கி, அது உடம்பில் எளிதாக ஏறுவதற்காக மிளகுச் சாறும் கலக்கிறார்கள். இப்படிச் செறிவாக்கிய மஞ்சளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2019இல் இத்தாலியிலும் 2023இல் ஆஸ்திரேலியாவிலும் இதைப் பற்றி அதிகாரபூர்வ எச்சரிக்கைகள் வந்தன. எடை குறைக்க விற்கும் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைக்கும் இதே கதைதான். கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேநீருக்கு அல்ல. ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு ஈரல் பரிசோதனையில் எண் ஏறினால் முதல் பழி ஸ்டாட்டின் மேல்தான் விழும். மேசையில் இருக்கும் மஞ்சள் டப்பாவைப் பற்றி மருத்துவருக்குத் தெரியாது. தேவையான மருந்தை நிறுத்திவிட்டு, தேவையில்லாததைத் தொடர்ந்து சாப்பிடுகிற கூத்து இப்படித்தான் நடக்கிறது.

ஊர் மருந்துகளில் இன்னொரு ஆபத்து, டப்பாவில் எழுதாமல் உள்ளே இருப்பது. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும், எழுதப்படாத ஸ்டீராய்டுகளும் கலந்த பொருள்கள் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. மூட்டுவலி ஒரே வாரத்தில் பறந்துவிட்டது என்று யாராவது ஒரு பெயரில்லாத மாத்திரையைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

கருஞ்சீரக எண்ணெய், வெந்தயக் காப்ஸ்யூல் இரண்டும் இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை. கொழுப்பு மாத்திரையோடு நீரிழிவு மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம்.

நியாசின்

பி3 வைட்டமின்தான் நியாசின். பன்முக வைட்டமின் மாத்திரையில் இருக்கும் சிறிய அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். கொழுப்புக்கு என்று 500 மி.கி., 1000 மி.கி. அளவில் விற்பதுதான் பிரச்சினை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இதை ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு 25,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. தசைப் பாதிப்பும் சர்க்கரைத் தொல்லையும் கூடின. அதில் பங்கெடுத்த சீன நாட்டவர்களுக்குத் தசைப் பாதிப்பு ஐரோப்பியர்களைவிட மிக அதிகம். இன்று இதைத் தானாக வாங்கிச் சாப்பிட ஒரு நியாயமும் இல்லை.

நேரத்தைத் தள்ளி வைத்தால் போதும் என்பவை

மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் நல்ல பொருள். தினம் ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்டிஎல்லையும் சுமார் 5 முதல் 10 சதவீதம் குறைக்கும். ஆனால் தண்ணீர் பட்டதும் கூழாகி, கூடவே இருக்கும் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தும் ரோசுவாஸ்டாட்டின் உறிஞ்சப்படுவதைப் பாதியாகக் குறைத்துவிடும். ரோசுவாஸ்டாட்டினை முதலில் போட்டு, 2 மணி நேரம் கழித்து இதைக் குடிக்கலாம். நேர இடைவெளி உதவும் இடம் இது. பொமெலோவில் உதவாது என்று சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தீங்கில்லை, ஆனால்…

மீன் எண்ணெய் ஸ்டாட்டினோடு மோதாது. அதே நேரம், எல்டிஎல்லைக் குறைக்கவும் செய்யாது. '1000 மி.கி.' என்று எழுதிய சாதாரணக் காப்ஸ்யூலில் உண்மையான ஒமேகா 3 சுமார் 300 மி.கி.தான். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பு குறைய வேண்டுமானால் நாளுக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா 3 வேண்டும். அந்த அளவு மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது, ஏனென்றால் அதிக அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் கூடுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் மீன் எண்ணெய், பூண்டுக் காப்ஸ்யூல், கோ-கியூ 10, குளுக்கோசமின் எதையும் கேட்காமல் தொடங்கக்கூடாது. அங்கே மோதல் ஸ்டாட்டினோடு அல்ல, வார்ஃபரினோடு.

கோ-கியூ 10 பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டால் உடம்பில் இந்தப் பொருள் குறைவது உண்மை. அதை மாத்திரையாகச் சாப்பிட்டால் தசைவலி போகுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சாப்பிட்டால் பெரிய தீங்கில்லை, பணம்தான் செலவு. தசைவலி பற்றி இன்னொரு செய்தி உண்டு. 2020இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்குச் சில மாதம் ஸ்டாட்டினும், சில மாதம் அதே போன்ற வெறும் மாத்திரையும், சில மாதம் ஒன்றும் இல்லாமலும் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய் என்று அர்த்தமில்லை. வலிக்குக் காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல என்றுதான் அர்த்தம்.

"மருந்தே வேண்டாம், சத்து மாத்திரையாலேயே குறைத்துக்கொள்கிறேன்" என்பவர்களுக்கு 2022இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நேரடிப் போட்டியின் முடிவைச் சொல்லலாம். ஒரு பக்கம் ரோசுவாஸ்டாட்டின், அதுவும் சிறிய 5 மி.கி. அளவு. இன்னொரு பக்கம் மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், ரெட் ஈஸ்ட் ரைஸ். 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லைக் கிட்டத்தட்ட 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெறும் மாத்திரையை வெல்லவில்லை. அந்த டப்பா ரெட் ஈஸ்ட் ரைஸில் மருந்தே சரியாக இல்லை போலும். காப்ஸ்யூலுக்குக் காப்ஸ்யூல் நூறு மடங்கு மாறும் பொருளில் இது ஆச்சரியமில்லை.

கடையில் இருக்கிறதே, சோதித்துத்தானே விற்பார்கள்?

இது இங்கே பலருக்கும் உள்ள நம்பிக்கை. சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். சத்து மாத்திரைகளுக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை. பொருள் பாதுகாப்பாக இருப்பதற்கு விற்பவரே பொறுப்பு. நச்சு உலோக வரம்பு, தடைசெய்த பொருள்கள் போன்ற விதிகள் உண்டு, மீறினால் நடவடிக்கையும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த பிறகுதான். வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேரே உங்கள் வீவக வீட்டுக் கதவுக்கு வரும் பொட்டலத்துக்கு இந்தக் காவலும் குறைவு.

எனவே நீங்கள் செய்யக்கூடியது என்ன? மேசையில் உள்ள எல்லா டப்பாவையும் வரிசையாக வைத்து, முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்துகொண்ட மருந்தகத்துக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ அடுத்த முறை போகும்போது அந்தப் படங்களை மருந்தாளரிடம் காட்டுங்கள். சங்கிலிக் கடை மருந்தகங்களில் இருக்கும் மருந்தாளரிடமும் காசில்லாமல் கேட்கலாம். தமிழில் பேசுகிறவர் கிடைக்காவிட்டாலும் படம் பேசும். வேறு மருந்து உண்டா என்று கேட்டால் படத்தை நீட்டிவிடுங்கள், மருந்தா சத்தா என்று அவர் முடிவு செய்யட்டும்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டால் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகள் சில தவறாக வரலாம். முந்தின நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் கடுமையாகப் பயிற்சி செய்திருந்தால் தசை நொதியின் எண் ஏறியிருக்கும், அதற்கும் ஸ்டாட்டின் மேல் பழி விழும்.

ஊரில் எடுத்த பரிசோதனை அறிக்கையை இங்கே காட்டுகிறவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு: அங்கே எல்டிஎல் 100 என்று இருக்கும், இங்கே 2.6 என்று இருக்கும். பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம், இரண்டும் ஒரே அளவுதான், அளக்கும் அலகுதான் வேறு. இங்குள்ள எண்ணை 38.7ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் கிடைக்கும்.

ஏற்கெனவே சேர்த்துச் சாப்பிட்டு வருகிறேன், இப்போது என்ன செய்வது?

பயத்தில் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அது ஆபத்து. நிறுத்த வேண்டியது சத்து மாத்திரையை. ரெட் ஈஸ்ட் ரைஸையும் அதிக அளவு நியாசினையும் இன்றே நிறுத்தலாம். மற்றவற்றைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், மருந்தகத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

இரு தொடையிலும் தோளிலும் காரணம் தெரியாத வலி, மாடிப்படி ஏற முடியாத பலவீனம், கண் மஞ்சளாவது, பசியே இல்லாமல் போவது, வயிற்றின் வலது மேல்பக்கம் வலி ஆகியவை தெரிந்தால் ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். தசைவலியோடு சிறுநீர் கோப்பி-ஓ (பாலில்லாக் கறுப்புக் காப்பி) நிறத்தில் போனால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். போகும்போது எல்லா டப்பாவையும், பாதி காலியானதையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடியில் அச்சடித்திருக்கும் தொகுதி எண்ணைக் கொண்டு, அதே தொகுதியை வாங்கிய மற்றவர்களையும் எச்சரிக்க ஆணையத்தால் முடியும்.